பிஞ்சில் பழுத்த பீச்

தமிழில் 'பழுத்தல்', 'முற்றல்' என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றில்லை. கத்தரிக்காய் முத்திப்போச்சுன்னா வீட்டில் முகம் சுளிப்பாங்க, ஏன்னா உள்ளே விதை கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பதும் அதுக்குத்தான். ஆனா மாங்காய் வியாபாரி தேடுவதே முத்தின காயைத்தான். முத்தாத காயைப் பறித்தால் அது எத்தனை நாள் வைக்கோலில் கிடந்தாலும் வெம்பிப் போகுமே தவிர ஒழுங்காப் பழுக்காது. ஆக, முற்றல் பெரும்பாலும் விதையின் சமாச்சாரம். பழுத்தல் சதையின் சமாச்சாரம்.

மாம்பழத்தில் இந்த வரிசை மாறுவதில்லை. முதலில் முற்றும், அப்புறம் பழுக்கும். சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் வீசினால், முதல் மழைக்கு செம்பு நிறத்தில் இலை விட்டு நிற்கும்.

பீச் பழத்தில் இந்த வரிசை சில சமயம் குலைந்து போகிறது. சீசனில் முதன்முதலாக வரும் பீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, வாசனை, சாறு எல்லாம் இருக்கும். கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்புக்குப் பதில் சுருங்கின தோல் மாதிரி ஒன்று கிடக்கும். மண்ணில் போட்டால் அழுகத்தான் செய்யும். வயசுக்கு மீறிப் பேசுகிற பிள்ளையைப் 'பிஞ்சிலே பழுத்தது' என்று திட்டுவோமே, இந்தப் பழத்துக்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்தும். சதை பழுத்துவிட்டது, விதை இன்னும் பிஞ்சு!

இது ஏன் நடக்குது, இதை யார் கண்டுபிடிச்சாங்க, அந்தச் சுருங்கின விதையை எப்படிக் காப்பாத்தினாங்க என்பதுதான் இந்தப் பதிவு. அதுக்கு முன்னாடி கொட்டையோட பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

கொட்டையில் எழுதின சரித்திரம்

பழத்தின் சரித்திரத்தை எழுதுவது கஷ்டம். சதை அழுகிவிடும், தோல் மட்கிவிடும். பீச் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு அதிர்ஷ்டம், அதன் கொட்டை கிட்டத்தட்ட கல் மாதிரி. மரக்கட்டையைக் கெட்டியாக்கும் அதே லிக்னின்தான் அந்த ஓட்டையும் கெட்டியாக்குகிறது. அதனால் ஆயிரக்கணக்கான வருஷம் சேற்றில் கிடந்தாலும் மேலே இருக்கும் சுருக்கங்களோடு அப்படியே இருக்கும்.

சீனாவில் யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரத்தில் கிடைத்த பீச் கொட்டைப் படிமங்கள் 25 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2015ல் அறிவித்தார்கள். மனுஷன் அந்தப் பக்கம் போவதற்கு முன்பே பீச் அங்கே இருந்திருக்கிறது. மனுஷன் கைக்கு வந்த கதை இன்னும் கிழக்கே, யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைக்கிறது. ஜெஜியாங் மாகாணத்தில் குவாஹுச்சியாவ், தியன்லுவோஷான் போன்ற இடங்களில் தோண்டி எடுத்த கொட்டைகளை யுன்ஃபெய் ஜெங், டொரான்டோவைச் சேர்ந்த கேரி க்ராஃபோர்ட் ஆகியோர் அளந்து ஒப்பிட்டு 2014ல் வெளியிட்டார்கள். சுமார் 7500 வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து, காலம் போகப் போக கொட்டை பெரிசாகிக்கொண்டே வருகிறது. லியாங்ஜு பண்பாட்டுக் காலத்தில், அதாவது ஏறக்குறைய 3000 வருஷம் கழித்து, இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பீச்சின் கொட்டை மாதிரியே ஆகிவிடுகிறது. நல்ல பழத்தின் கொட்டையை மட்டும் பார்த்துப் பார்த்து நட்டிருக்கிறார்கள். கவனிங்க, நட்டது கொட்டையை. இந்தக் கதை முழுக்க அதுதான் முக்கியம்.

நம் நாட்டுக்கு வந்த கதையை எழுதி வைத்தவர் நமக்குத் தெரிந்த ஆள்தான், யுவான் சுவாங். 7ஆம் நூற்றாண்டில் பஞ்சாப் பக்கம் சீனபுக்தி என்ற ஊருக்குப் போகிறார். கனிஷ்கர் காலத்தில் சீன தேசத்துப் பக்கமிருந்து பிணையாக வந்தவர்களை அங்கே தங்க வைத்திருந்ததாகவும், அவர்கள்தான் பீச்சையும் பேரிக்காயையும் கொண்டுவந்ததாகவும் எழுதுகிறார். அதனால் பீச்சுக்கு 'சீனானி' என்றும் பேரிக்காய்க்கு 'சீனராஜபுத்ர' என்றும் பெயராம். இப்போது ஹிந்தியில் பீச்சுக்குப் பெயர் 'ஆடூ'. வடக்கே போய்ப் பழக்கடையில் 'ஆடு' வேணுமான்னு கேட்டால் நாம் பதறக் கூடாது :-)

ஐரோப்பாவுக்குப் பாரசீகம் வழியாகப் போனதால் ரோமானியர்கள் 'பாரசீக ஆப்பிள்' என்றார்கள். 'பீச்' என்ற சொல்லும், தாவரவியல் பெயரில் இருக்கும் 'பெர்சிகா'வும் அதிலிருந்து வந்தவைதான். பெயரை நம்பி ரொம்ப நாள் சொந்த ஊரையும் பாரசீகம் என்றே நினைத்தார்கள். 1855ல் அல்ஃபோன்ஸ் டி கண்டோல் என்ற ஸ்விஸ் தாவரவியலாளர்தான் சீனா என்று வாதாடினார்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பாதாம் கொட்டையும் பீச் கொட்டையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட், பாதாம் பூவில் பீச் மகரந்தத்தைப் போட்டு, பீச் மாதிரியே சதைப்பற்றுள்ள காயை வரவழைத்தார். அப்போ பாதாமே திருந்தித்தான் பீச் ஆயிருக்கணும் என்று முடிவு கட்டினார். டார்வின்கூட 1868ல் வந்த புத்தகத்தில் இந்தக் கேள்வியைப் பக்கம் பக்கமாக அலசுகிறார். இன்றைக்கு நமக்குத் தெரியும், இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிப்பதற்குப் பல லட்சம் வருஷம் முன்னாடியே பாகம் பிரித்துக்கொண்டவை.

நட்டால் முளைக்கிற பழம்

அமெரிக்காவுக்கு 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பீச்சைக் கொண்டுபோனார்கள். அப்புறம் அது பரவின வேகம் ஆச்சரியம். அதைப் பரப்பினவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி மக்கள்தான். ஐரோப்பியர் கால் படாத ஊர்களுக்குக்கூட கொட்டை கை மாறிக் கை மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1683ல் வில்லியம் பென், பென்சில்வேனியாவில் பீச் ஏராளம், பீச் இல்லாத பூர்வகுடித் தோட்டமே அபூர்வம் என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். ஒட்டுக்கட்டத் தேவையில்லை, நர்சரி தேவையில்லை. கொட்டையைப் புதைத்தால் போதும், மூணு நாலு வருஷத்தில் காய்ப்பு.

மேற்கே அரிசோனாவில் கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் நவஹோ மக்கள் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பீச் வளர்த்தார்கள். 1864ல் அமெரிக்க ராணுவம் அவர்களை ஊரைவிட்டு விரட்டியபோது, மறுபடி திரும்பி வரக்கூடாது என்பதற்காகவே அந்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து நியூ மெக்ஸிகோவில் ஒரு முகாமில் அடைத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பி வந்தவர்கள் மறுபடி தோப்பு வைத்தார்கள். அங்கே இன்றைக்கும் கொட்டையிலிருந்தே வளர்க்கிற பழைய பீச் ரகங்கள் இருக்கின்றன.

மரத்தை வெட்டினாலும் கொட்டை இருந்தால் போதும் என்பது அவர்கள் கதை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு காய்க்குள் இரண்டு கடிகாரம்

இப்போ பழத்துக்குள் போவோம். பீச்சில் வெளியே பூனைமயிர் மாதிரி ரோமம் உள்ள தோல், அதுக்குள் சதை, அதுக்குள் கல் ஓடு, ஓட்டுக்குள் பருப்பு, அதாவது விதை. மாங்காய் மாதிரியே அமைப்பு. பூவின் சூலகத்தில் இரண்டு சூல்கள் இருக்கும், பூ உதிர்ந்த கொஞ்ச நாளில் பெரும்பாலும் ஒன்று கருகிவிடும். மிச்சம் இருக்கும் ஒன்றுதான் விதையாகும்.

இது எப்படி வளருகிறது என்பதை ஒரு காயை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பூத்ததிலிருந்து பழுக்கிற வரைக்கும் விடாமல் அளக்கணும். அதைப் பொறுமையாகச் செய்தவர் சி.எச். கானர்ஸ். நியூ ஜெர்சி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், எம்.ஏ. பிளேக் என்பவரோடு சேர்ந்து பீச்சில் புது ரகங்கள் உருவாக்கும் வேலையில் இருந்தவர். அவர் 1919ல் வெளியிட்ட அளவுகளில் ஒரு விநோதம் தெரிந்தது. காய் சீராக வளரவில்லை. முதலில் வேகமாகப் பெருக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது, மறுபடி திடீரென்று ஊதுகிறது. கிராஃப் போட்டால் மலைப்பாதை மாதிரி ஒரு ஏற்றம், ஒரு சமவெளி, மறுபடி ஒரு ஏற்றம். மாங்காய்க்கும் ஆப்பிளுக்கும் இப்படி நடுவில் சமவெளி கிடையாது. ஒரே ஏற்றம்தான்.

1930களில் கலிபோர்னியாவில் லில்லலாண்ட் ஆப்ரிகாட்டிலும் பீச்சிலும் இதையே பார்த்தார். ஆனால் அந்தச் சமவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெட்டி வெட்டிப் பார்த்து விளக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹெச்.பி. டியூக்கி. 1933 வாக்கில் அவர் சொன்னதை எளிமையாகச் சொன்னால் இதுதான்.

முதல் கட்டம்: பூத்ததிலிருந்து சுமார் ஏழு வாரம். முதல் சில வாரங்களில் சதையின் செல்கள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. பழம் பிற்பாடு எவ்வளவு பெரிசாகும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். பெரிய பழம் வேணும்னா ஓடு கெட்டியாகும் முன்பே பிஞ்சுகளைக் கலைத்துவிடணும் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். விதையும் இந்தக் கட்டத்தின் முடிவில் வெளியளவில் முழு சைஸுக்கு வந்துவிடும். ஆனா ஏமாந்துடாதீங்க, உள்ளே இருப்பது வெறும் வழுவழு ஜெல்லி. இளநீர்க் காயைச் சீவினால் உள்ளே தண்ணீரும் மெல்லிய வழுக்கையும் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. குழந்தையாகப் போகிற கரு இன்னும் கண்ணுக்கே தெரியாத புள்ளி.

இரண்டாம் கட்டம்: வெளியே காய் வளராமல் சும்மா நிற்கிற மாதிரி தெரியும். உள்ளேதான் முழு வேலையும். ஓட்டில் லிக்னின் இறங்கிக் கல்லாகிறது. முந்தின வாரம் கத்தி சுலபமாக இறங்கின காயில் இப்போது 'டக்'கென்று இடிக்கும். அதே நேரத்தில் அந்தப் புள்ளிக் கரு திடீரென்று விழித்துக்கொண்டு, சுற்றி இருக்கும் ஜெல்லியைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, சில வாரங்களில் விதை முழுவதையும் நிரப்பிவிடும். அதோட இரண்டு பருத்த பருப்பிலைகள்தான் நாம் பார்க்கிற பீச் பருப்பு. விதை முற்றுவது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாம் கட்டம்: கடைசி நாலு முதல் ஆறு வாரம். புது செல்கள் பெரிசாக உண்டாவதில்லை, ஏற்கெனவே இருப்பவை நீரையும் சர்க்கரையையும் நிரப்பிக்கொண்டு ஊதுகின்றன. பழத்தின் எடையில் பாதிக்கும் மேல் இங்கே சேர்கிறது. கடைசியில் எத்திலீன் வாயு உண்டாகி, பச்சை போய், புளிப்பு குறைந்து, சதை இளகிப் பழுக்கிறது. தம்பி பாதாம் இந்த மூன்றாம் கட்டத்தைச் செய்வதே இல்லை. அதன் சதை ஊதாமல் காய்ந்து வெடித்துவிடும். அதனால்தான் பாதாமில் பருப்பைத் தின்கிறோம், பீச்சில் சதையைத் தின்கிறோம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பீச் பருப்பைப் பாதாம் மாதிரி நினைத்துத் தின்னக்கூடாது. கசப்பு பாதாமிலிருந்து 1830ல் ரோபிகே, பூத்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்த அமிக்டலின் அதிலும் இருக்கிறது. மென்றால் அதிலிருந்து சயனைடு வெளிவரும். மரம் தன் குழந்தைக்குக் கல்லால் ஒரு கோட்டை கட்டி, உள்ளே விஷத்தையும் வைத்துக் காவல் காக்கிறது. அவ்வளவு அக்கறை!

இந்தச் சமவெளிக் கட்டத்துக்கு விவசாயத்தில் இன்னொரு பயனும் கிடைத்தது. காய் எப்படியும் வளராமல்தானே நிற்கிறது, அப்போது தண்ணீரைக் குறைத்தால் என்ன? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டட்டூரா என்ற ஊரில் டேவிட் சால்மர்ஸும் கூட்டாளிகளும் 1970களின் கடைசியில் இதைச் செய்து பார்த்தார்கள். தேவையில்லாத கிளை வளர்ச்சிதான் குறைந்தது, விளைச்சல் அடிபடவில்லை. தண்ணீர் மிச்சம். வறண்ட ஊர்களில் பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

அவசரத்துக்கு யார் விலை கொடுப்பது?

டியூக்கி பார்த்ததில் ரொம்ப முக்கியமான விஷயம் இனிமேல்தான். சீக்கிரம் பழுக்கிற ரகம், நடுசீசன் ரகம், கடைசியில் பழுக்கிற ரகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முதல் கட்டம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நாள்தான். மூன்றாம் கட்டத்திலும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் எல்லாம் நடுவில். தாமத ரகங்களில் சமவெளி பல வாரம் நீளுகிறது. அவசர ரகங்களில் சில நாள்தான்!

அதாவது, சீக்கிரம் பழுக்கும் பீச் வேகமாக வளரவில்லை. விதைக்கு என்று ஒதுக்கின நேரத்தை வெட்டிவிட்டுத் தாண்டிப் போகிறது. கரு இப்போதுதான் விழித்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கும், அதற்குள் சதை மூன்றாம் கட்டத்துக்குப் பாய்ந்துவிடும். கரு பாதியில் நின்றுபோகும். சில பழங்களில் ஓடு முழுசாக இறுகுவதற்குள் சதை ஊதி இழுப்பதால் கொட்டையே இரண்டாகப் பிளந்துவிடும். காம்புப் பக்கம் ஓட்டை விழுந்து பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போகும்.

விதை செத்தால் பிஞ்சு உதிர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டியூக்கி அதையும் சோதித்தார். வளர்ந்துகொண்டிருக்கும் செர்ரி, பீச் காய்களில் குத்தி உள்ளே இருக்கும் கருவை மட்டும் அழித்துப் பார்த்தார். ஆரம்பத்தில் அழித்தால் காய் சுருங்கி விழுந்துவிட்டது. பிற்பாடு அழித்தால் விழவில்லை, பாட்டுக்குப் பழுத்தது. ஒரு கட்டம் வரைக்கும் சதைக்கு விதை தேவை. அதைத் தாண்டிவிட்டால் தேவையில்லை. நம்ம அவசர பீச் அந்தக் கோட்டைத் தாண்டின உடனே விதையைக் கைவிட்டுவிடுகிறது. கேட்கவே கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

இந்த மாதிரி மரங்களை இயற்கை விட்டுவைக்காது. முளைக்காத விதையை உண்டாக்கும் மரம் ஒரு தலைமுறையோடு சரி. விட்டுவைத்தது நாம்தான். காரணம், பணம். சீசனின் முதல் மாம்பழத்துக்கு நம்மூரில் என்ன விலை சொல்கிறார்கள்? அதே கதைதான். 1870களில் ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ஃப் 'எல்பர்டா' ரகத்தைக் கொண்டுவந்து, ஐஸ் வைத்த ரயில் பெட்டிகளில் வடக்கே அனுப்ப ஆரம்பித்த பிறகு பீச் பெரிய வியாபாரமாகிவிட்டது. எல்பர்டா பழுக்கும்போது எல்லார் தோட்டத்திலும் பழம் இருக்கும். இரண்டு மூன்று வாரம் முந்தி வருகிறவனுக்குத்தான் லாபம். 'மேஃப்ளவர்' போன்ற அவசர ரகங்களுக்கு மவுசு வந்தது அப்படித்தான்.

கொட்டை முளைக்காதது தோட்டக்காரருக்குப் பிரச்சினையே இல்லை. அவர் நடுவது ஒட்டுக்கன்று. நர்சரிக்காரர்கள் அடிச்செடிக்கு மட்டும் நன்றாக முளைக்கும் வேறு ரகத்தின் கொட்டைகளை, டென்னசி, வட கரோலினா மலைகளில் தானாக வளர்ந்த நாட்டு மரங்களின் கொட்டைகளை, வாங்கிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் புது ரகம் உருவாக்குபவர்கள். இன்னும் சீக்கிரம் பழுக்கும் ரகம் வேண்டுமானால் இரண்டு அவசர ரகங்களைக் கலக்கணும். ஆனால் தாய் மரம் அவசர ரகமாக இருந்தால் கலந்து வந்த விதை முளைக்காது. அதனால் அவசர ரகத்தை அப்பாவாக மட்டும் வைத்து, நடுசீசன் மரத்தை அம்மாவாக வைத்துக் கலந்தார்கள். பிள்ளைகளில் பாதி அவசரம் கரைந்து போய்விடும். எதற்காக இந்த மரம் வேண்டும் என்று நினைத்தார்களோ, அதே குணம்தான் இந்த மரத்தின் வம்சத்தை அடைத்தது.

கண்ணாடிக் குழாயில் மிச்சப் படிப்பு

கரு சாகவில்லை, பாதியில் நிற்கிறது, அவ்வளவுதானே? அப்போ அதை வெளியே எடுத்து நாமே சோறு போட்டு வளர்த்தால்? இந்த யோசனைக்கு முன்னோடிகள் இருந்தார்கள். 1904ல் ஜெர்மானியர் ஹானிக் முள்ளங்கிக் குடும்பச் செடிகளின் முற்றாத கருக்களைச் சர்க்கரையும் உப்புகளும் கலந்த கரைசலில் வளர்த்தார். 1925ல் லைபாக், தானாக முளைக்காத ஆளிவிதைக் கலப்பினக் கருவை இதே மாதிரி பிழைக்க வைத்தார்.

1933ல் டியூக்கி செர்ரியில் இதைச் செய்தார், அப்புறம் பீச்சுக்கு வந்தார். அதே 1933ல் நியூ ஜெர்சியில் டேவிட்சனும் 'முளைக்காத' பீச் விதைகளிலிருந்து செடி உண்டாக்கிக் காட்டினார். கொட்டையை உடைத்து, பருப்பைக் கிருமி நீக்கி, தோலை உரித்து, கருவை மட்டும் எடுத்து அகார் ஜெல்லியில் வைப்பார்கள். அகாரில் குளுகோஸும் உப்புகளும் இருக்கும். மரத்தின் மேல் கிடைக்காமல் போன அந்தச் சில வாரச் சாப்பாட்டை டியூபில் கொடுக்கிறார்கள்.

முளைத்தால் மட்டும் போதாது. பீச் விதைக்கு இரண்டு மூன்று மாதம் ஈரமான குளிர் வேண்டும், அதன் சொந்த ஊர்க் குளிர்காலத்தை அது இன்னும் மறக்கவில்லை. குளிர் காட்டாமல் முளைக்க வைத்தால் என்ன ஆகும் என்று 1934ல் பாய்ஸ் தாம்சன் ஆராய்ச்சி நிலையத்தின் ஃப்ளாரன்ஸ் ஃப்ளெமியன் விவரித்தார். செடி வரும், ஆனால் தண்டு நீளாமல், இலைகள் ரோஜா இதழ் மாதிரி அடுக்கிக்கொண்டு குள்ளமாக நின்றுவிடும். ஆகவே டியூபைக் குளிர்பெட்டியில் வைத்து, அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ரொம்பச் சின்னக் கருக்களுக்கு இந்தச் சாப்பாடும் போதவில்லை. அங்கேதான் நம்ம தேங்காய் வருகிறது. 1941ல் வான் ஓவர்பீக், பிளேக்ஸ்லீ குழுவினர் ஊமத்தையின் மிக இளம் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார்கள். மேலே இளநீரை உதாரணம் சொன்னேனே, அது வெறும் உவமை இல்லை. தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீர், வளரும் கருவுக்காகத் தென்னை வைத்திருக்கும் உணவுதான். அதை இன்னொரு செடியின் கரு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு தேங்காய்த் தண்ணீர் உலகம் பூரா திசு வளர்ப்பு ஆய்வகங்களுக்குள் போய்விட்டது.

1980களில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த டேவிட் ராமிங், கருவைத் தனியே எடுக்காமல் சூலோடு சேர்த்தே வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இதனால் அவசர ரகத்தையே அம்மாவாகவும் அப்பாவாகவும் வைத்துக் கலக்க முடிந்தது. விதையில்லாத திராட்சையை விதையில்லாத திராட்சையோடு கலப்பதும் இதே வழியில்தான்.

இதன் இந்தியப் பக்கமும் உண்டு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 1950களில் ரால்ஃப் ஷார்ப் தொடங்கி, அப்புறம் வேய்ன் ஷெர்மன் தொடர்ந்த திட்டத்தில், குளிர் அதிகம் தேவைப்படாத, சீக்கிரம் பழுக்கிற பீச் ரகங்களை உருவாக்கினார்கள். 1982ல் வந்த 'ஃப்ளோர்டாபிரின்ஸ்' பூத்து 80 நாளுக்குள் பழுத்துவிடும். இந்த வகை ரகங்களால்தான் மலையில் மட்டும் விளைந்த பீச் பஞ்சாப் சமவெளிக்கும் இறங்கியது. ஏப்ரல் கடைசியிலேயே, வெயில் கொளுத்துவதற்கு முன், அறுவடை. கனிஷ்கர் காலத்துச் சீனானி வந்து இறங்கின அதே பஞ்சாப்!

கடைசியாக

இப்போ உலகத்தில் இரண்டு வகை பீச் இருக்கு. ஒன்று, கேன்யன் டி ஷேயில் மாதிரி கொட்டையில் வாழ்வது. வெட்டினாலும் முளைக்கும், நர்சரியும் ஆய்வகமும் இல்லாமல் அடுத்த தலைமுறையைத் தானே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, நம் அவசரத்துக்காக விதையின் நேரத்தை வெட்டிக்கொண்டது. மே மாதமே கடைக்கு வரும், ஆனால் அதன் வம்சம் ஒட்டுக் கத்தியையும் கண்ணாடிக் குழாயையும் நம்பி இருக்கிறது. ஆய்வகக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் உண்டாக்கின பள்ளத்தை அவர்கள் நிரப்பினார்கள். ஆனால் எல்லா ரகமும் இரண்டாவது வகையாகவே ஆகிவிட்டால், நர்சரி மூடின அன்றைக்கு நம் கையில் மிஞ்சுவது வெறும் ஓடுதான். கொட்டையில் வாழும் பழைய ரகங்களைப் பத்திரமாக வைத்திருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை பீச் வாங்கினால், சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க. சுத்தியால் பதமாக ஒரு தட்டு தட்டிப் பாருங்க. உள்ளே கொழுகொழுன்னு பருப்பு இருந்தால் அந்த மரம் தன் பிள்ளைக்கு நேரம் கொடுத்திருக்கு. சுருங்கின தோல் மட்டும் இருந்தால் நமக்காக அவசரப்பட்டிருக்கு. எதுவானாலும் பருப்பை மட்டும் வாயில் போட்டுடாதீங்க :-)